சாட்சியில்லா மணங்கள்

திருமணம் செய்துகொள்ளாமல் கணவன் மனைவிபோல் ஒரே வீட்டில் வாழும் இருவரைச் சட்டம் ஏற்றுக்கொள்ளலாமா? இவ்வினா நம் நாளில்தான் பிறந்தது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். மேலை நாட்டிலிருந்து வந்திறங்கிய புதுப் பழக்கம் என்று மேடைகளில் பேசக் கேட்கிறோம். ஆனால் வரலாற்று ஏடுகளைச் சற்றே புரட்டினால், திருச்சபையின் மிகப் பழைய வினாக்களுள் இதுவும் ஒன்று என்பது தெரியவரும். மணம் எப்போது மணமாகிறது? அதை மணம் என்று சொல்லும் உரிமை யாருக்கு உண்டு? ஏறத்தாழ ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகளாக ஆயர்களும் அறிஞர்களும் அரசர்களும் நீதிபதிகளும் இதற்கு விடை தேடியிருக்கிறார்கள்.

அவர்கள் விடை தேடிய ஒவ்வொரு காலத்திலும் ஒருவர் வாயிலில் காத்து நின்றதைக் காண்கிறோம். அவர் கைவிடப்பட்டவர், பெரும்பாலும் ஒரு பெண், அவள் கையில் ஒரு குழந்தை. அவளை மறவாமல் இவ்வரலாற்றைப் படிப்பது நமக்கு நலம் பயக்கும்.

பெயர் அறியப்படாத ஒரு பெண்

பழைய உரோமைச் சட்டத்தில் மணத்துக்குச் சடங்கு கட்டாயமன்று. தகுதியுடைய இருவர் கணவனும் மனைவியுமாக வாழும் எண்ணத்தோடு இணைந்தால் அதுவே மணம். ஆனால் அந்தத் தகுதி எல்லார்க்கும் வாய்க்கவில்லை. அடிமைகள் கூடி வாழ்ந்தால் அதற்குச் சட்டத்தில் மணம் என்ற பெயர் கிடையாது. உயர்குடிப் பெண்ணொருத்தி அடிமை ஒருவனைக் கணவனாகக் கொண்டால் அதையும் சட்டம் ஏற்காது. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருத்தந்தையாக விளங்கிய முதலாம் கலிஸ்து இத்தகைய இணைவுகளைத் திருச்சபைக்குள் மணமாக ஏற்றார். இச்செய்தியை நாம் அறிவதே, அவரை எதிர்த்து நின்ற இப்போலித்து எழுதிய கண்டனத்தின் வாயிலாகத்தான். கலிஸ்து தாமும் ஒருகாலத்தில் அடிமையாய் இருந்தவர் என்பது இங்கே நினைக்கத் தக்கது. அரசு மணமன்று என்று தள்ளியதைத் திருச்சபை மணம் என்று தழுவிக்கொண்ட காலம் அது.

400-ஆம் ஆண்டில் இஸ்பானியாவின் தொலேதோ நகரில் கூடிய ஆயர்கள் மேலும் ஒரு படி சென்றார்கள். மனைவியில்லாத ஒருவன் மனைவியின் இடத்தில் ஒரு துணைவியை வைத்து, அவள் ஒருத்தியோடு மட்டும் உண்மையாக வாழ்வானாகில், அவனை நற்கருணையினின்று விலக்கலாகாது என்று அவர்கள் விதித்தார்கள். இருவரும் ஒருவருக்கொருவர் உண்மையாய் இருக்கிறார்களா என்பதையே அவர்கள் முதலில் நோக்கினார்கள்.

அதே தலைமுறையில் வாழ்ந்த புனித அகுஸ்தினாரின் வரலாற்றை நாம் அறிவோம். இளமையில் கார்த்தேஜ் நகரில் ஒரு பெண்ணைச் சேர்ந்து ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் அவளோடு வாழ்ந்தார். அவர்களுக்கு அதெயோதாத்துஸ் என்றொரு மகன் பிறந்தான். பின்னர் மிலான் நகரில் அவருக்குத் தகுதியான குடும்பத்தில் பெண் பார்க்கப்பட்டபோது, இத்தனை ஆண்டு துணையாய் இருந்தவள் ஆப்பிரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டாள். மகனைத் தந்தையிடம் விட்டுவிட்டு, இனி வேறொரு ஆணை அறியேன் என்று நேர்ந்துகொண்டு அவள் போனாள். தம் நெஞ்சு கிழிந்து குருதி கசிந்தது என்னும் பொருள்பட அகுஸ்தினாரே தம் அறிக்கையில் இதை எழுதியுள்ளார். ஆனால் அவள் பெயரை எங்கும் அவர் எழுதவில்லை. இன்றுவரை அப்பெயர் யாருக்கும் தெரியாது.

ஆயரான பின், 401-ஆம் ஆண்டை ஒட்டித் திருமணத்தின் நன்மையைப் பற்றி அவர் ஒரு நூல் இயற்றினார். அதில் ஓர் இடம் நம்மைத் தடுத்து நிறுத்துகிறது. ஓர் ஆணும் பெண்ணும் முறைப்படி மணம் புரியாமல், ஆனால் சாகும்வரை ஒருவரையொருவர் பிரிவதில்லை என்ற உறுதியோடும், பிள்ளைப்பேற்றைத் தடுக்காமலும் வாழ்ந்தால் அதை மணம் என்று சொல்வது பொருந்தாமல் போகாது என்கிறார். அடுத்து, தன் செல்வத்துக்கோ குலத்துக்கோ ஏற்ற வேறொருத்தி கிடைக்கும்வரை ஒரு பெண்ணோடு வாழ்பவன், உள்ளத்தளவில் விபசாரன் என்கிறார். அவளை ஏமாற்றும் குற்றம் அவனுடையது. அவர் யாரை நினைத்து இவ்வரிகளை எழுதினார் என்று நாம் கேட்கத் தேவையில்லை.

இசைவே மணம்

இடைக்காலத்தில் திருச்சபை இக்கொள்கையை மேலும் தெளிவாக்கியது. 866-இல் பல்கேரியர்கள் கேட்ட வினாக்களுக்கு விடையளித்த திருத்தந்தை முதலாம் நிக்கோலாஸ், எத்தனை சடங்குகள் விடுபட்டாலும் மணமக்களின் இசைவு ஒன்றே மணத்துக்குப் போதும் என்றும், அது இல்லையேல் மற்றவை யாவும் வீண் என்றும் எழுதினார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் திருத்தந்தை மூன்றாம் அலெக்சாண்டர் இதைச் சட்டமாக நிலைநாட்டினார். "உன்னை என் மனைவியாக ஏற்கிறேன்", "உன்னை என் கணவனாக ஏற்கிறேன்" என்று இருவரும் நிகழ்காலத்தில் சொன்னால் போதும். அவர்கள் கணவனும் மனைவியுமாவர். குரு வேண்டியதில்லை, சாட்சி வேண்டியதில்லை, பெற்றோரின் ஒப்புதலும் வேண்டியதில்லை. பின்னர் மணப்பேன் என்று வாக்களித்து உடலால் இணைந்தாலும் அது மணமே.

இக்கொள்கையின் பெருமையை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. தந்தை தன் மகளைப் பண்டமாற்றுப் பொருளாகக் கருதிய காலத்தில், அவள் வாயிலிருந்து வரும் ஒரு சொல்லுக்கு இது மதிப்புத் தந்தது. அடிமைகளும் தம் தலைவனின் இசைவின்றி மணக்கலாம், அம்மணம் செல்லும் என்று திருத்தந்தை நான்காம் அதிரியான் தீர்ப்பளித்தார். நிலக்கிழாருக்கும் குடும்பத் தலைவனுக்கும் எதிராக இருவரின் உள்ளத்துக்கு இத்துணை மதிப்பளித்த சட்டங்கள் உலக வரலாற்றில் அரியவை.

ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. வயல்வரப்பிலும் அடுப்படியிலும் சத்திரத்திலும் யாரும் காணாமல் சொல்லப்பட்ட சொற்கள் மணங்களாயின. பின்னர் ஒருவர் அவற்றை மறுத்தார். அக்காலத்து இங்கிலாந்தின் திருச்சபை நீதிமன்றப் பதிவேடுகளில் மண வழக்குகள் நிறைந்து கிடக்கின்றன. அவற்றுள் மிகப் பல, "இவன் என்னை மணந்தான்" என்று ஒருவர் கூற, மற்றவர் "இல்லை" என்று மறுக்கும் வழக்குகளே. 1215-இல் கூடிய நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம் மறைவான மணங்களைத் தடைசெய்து, மணத்துக்கு முன் கோவிலில் அறிவிப்புச் செய்யவேண்டும் என்று விதித்தது. நம் பங்குகள் பலவற்றில் 'ஓலை வாசித்தல்' என்று வழங்கும் வழக்கத்தின் வேர் இதுவே. என்றாலும் அறிவிப்பின்றி நடந்த மணம் குற்றமாயிற்றே தவிர, செல்லாததாகவில்லை. பொய் சொல்ல விரும்பியவனுக்குக் கதவு திறந்தே இருந்தது.

திரெந்துப் பொதுச்சங்கத்தின் முடிவு

மேலும் முந்நூற்று ஐம்பது ஆண்டுகள் சென்றபின், 1563 நவம்பர் 11-ஆம் நாள், திரெந்துப் பொதுச்சங்கம் தன் இருபத்து நான்காம் அமர்வில் அக்கதவை அடைத்தது. பங்குக் குருவோ அவருடைய அனுமதி பெற்ற வேறொரு குருவோ, அவரோடு இரண்டு அல்லது மூன்று சாட்சிகளோ இல்லாமல் செய்யப்படும் மணம் செல்லாது. மூன்று திருநாள்களில் முன்னறிவிப்பு வேண்டும். மணமக்களின் பெயர்களும் சாட்சிகளின் பெயர்களும் நாளும் இடமும் ஏட்டில் எழுதப்பட வேண்டும். நம் பங்கு அலுவலகங்களில் இன்றும் பேணப்படும் திருமணப் பதிவேடு இந்த ஆணையின் பிள்ளை.

ஏன் இந்த மாற்றம்? ஆணையே தன் காரணத்தைச் சொல்கிறது. மறைவில் ஒருத்தியை மணந்தவன் அவளை விட்டுவிட்டு, ஊரறிய வேறொருத்தியை மணந்து வாழ்கிறான். மறைவில் நடந்ததைத் தீர்ப்பிட இயலாத திருச்சபை, முதல் மனைவிக்கு எந்தத் துணையும் செய்ய முடியாமல் நிற்கிறது. சங்கத்தின் தந்தையர் கண்முன் நின்றவள் அந்த முதல் மனைவியே.

இம்முடிவு எளிதில் எட்டப்படவில்லை. இசைவு ஒன்றே மணத்தை ஆக்கும் என்று பல நூற்றாண்டுகளாகப் போதித்த திருச்சபை, இசைவு இருந்தும் மணமில்லை என்று எவ்வாறு கூறலாம் என ஆயர்கள் பலர் எதிர்த்தனர். பிரான்சு அரசனின் தூதர்களோ மறுபக்கம் நின்று, பெற்றோரின் இசைவின்றி நடக்கும் மணங்களையும் செல்லாதவை ஆக்கவேண்டும் என்று வற்புறுத்தினர். பொதுச்சங்கம் அதற்கு இணங்கவில்லை. பெற்றோரின் இசைவு இல்லாததால் மணம் செல்லாது என்ற கருத்தையே அது கண்டித்தது. சாட்சி வேண்டும் என்று கேட்ட சங்கம், பெற்றோரின் கையில் மறுப்பாணையைக் கொடுக்கவில்லை. இந்த வேறுபாடு மிக நுண்ணியது. இன்றும் நமக்குத் தேவையானது.

இங்கே தமிழர்களாகிய நமக்குப் பழகிய ஒரு குரல் கேட்கிறது. பொய்யும் குற்றமும் தலைகாட்டிய பின்னரே சான்றோர் மணச் சடங்கை வகுத்தனர் என்று தொல்காப்பியர் கற்பியலில் குறிக்கிறார். களவில் இணைந்தவன் மறுத்துவிட்டால் தனக்குச் சாட்சி, மீனை எதிர்நோக்கி நீரில் நின்ற ஒரு நாரையன்றி வேறில்லையே என்று கலங்கும் தலைவியைக் குறுந்தொகையில் கபிலர் காட்டுகிறார். திரெந்து நகரில் கூடியவர்கள் தொல்காப்பியத்தை அறியார். ஆயினும் ஒரே துயரம் இரு நிலங்களிலும் ஒரே மருந்தைத் தேட வைத்தது.

நாமே மணமாகாதவர்களாய் இருந்த காலம்

சாட்சியும் பதிவும் வந்துவிட்டால் துன்பம் தீர்ந்துவிடும் என்று நாம் எண்ணக்கூடும். அடுத்த இருநூறு ஆண்டுகளில் நடந்தவை அவ்வெண்ணத்தைத் திருத்துகின்றன.

இங்கிலாந்து திரெந்தை ஏற்கவில்லை. அங்கும் மறைவு மணங்கள் பெருகின. இலண்டனின் பிளீட் சிறைச்சாலையைச் சுற்றிய தெருக்களில், கடன்பட்டுச் சிறைபுகுந்த குருக்கள் காசுக்கு மணமுடித்து வைத்தார்கள். 1753-இல் ஹார்டுவிக் பிரபுவின் முயற்சியால் ஒரு சட்டம் வந்தது. ஆங்கிலிக்கன் கோவிலில் அறிவிப்போ அனுமதிச் சீட்டோ பெற்று நடவாத மணம் செல்லாது என்று அது கூறியது. யூதர்களுக்கும் குவேக்கர் சபையினருக்கும் விலக்கு அளிக்கப்பட்டது, கத்தோலிக்கருக்கு இல்லை.

இதன் பொருள் என்ன? 1754 முதல் 1837 வரை, இங்கிலாந்தில் தங்கள் குருவின் முன் மட்டும் மணம் புரிந்த கத்தோலிக்கக் கணவனும் மனைவியும் அரசின் பார்வையில் மணமாகாமல் சேர்ந்து வாழ்பவர்கள். அவர்களுடைய பிள்ளைகள் முறையற்ற பிள்ளைகள். கணவன் இறந்தால் மனைவி என்ற உரிமை அவளுக்கில்லை. தங்கள் மனச்சான்றுக்காகக் குருவிடமும், சட்டத்துக்காக ஆங்கிலிக்கன் கோவிலிலும் இருமுறை மணம் புரிந்தவர்கள் பலர். 1836-இல் இயற்றப்பட்ட திருமணச் சட்டம் அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்த பின்னரே இந்நிலை நீங்கியது. சட்டம் ஏற்காத துணைகளைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம், எண்பது ஆண்டுக் காலம் அந்தப் பட்டியலில் நம் மறையினரின் பெயர்களும் இருந்தன என்பதை நினைவில் கொள்வது நல்லது.

அயர்லாந்தில் நிலைமை இன்னும் கொடியது. மணத்துக்கு முந்திய பன்னிரண்டு மாதங்களுக்குள் புரட்டஸ்தாந்தராய் இருந்த ஒருவருக்கும் கத்தோலிக்கர் ஒருவருக்கும் கத்தோலிக்கக் குரு நடத்திவைக்கும் மணம் செல்லாது என்று 1745-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று விதித்தது. அதன் பயன் எப்படி இருந்தது என்பதை எல்வர்ட்டன் வழக்கு காட்டியது.

தெரேசா லாங்வொர்த் என்ற ஆங்கிலேயக் கத்தோலிக்கப் பெண், 1852-இல் கப்பல் பயணம் ஒன்றில் வில்லியம் சார்லஸ் எல்வர்ட்டன் என்ற படை அதிகாரியைக் கண்டாள். ஆண்டுக்கணக்கில் கடிதங்கள் எழுதிக்கொண்டனர். 1857-இல் எடின்பரோ நகரில் மண வழிபாட்டு நூலை எடுத்து வாசித்து அவன் தன்னை மனைவியாக ஏற்றான் என்பது அவள் கூற்று. ஸ்காட்லாந்தின் சட்டம் அந்நாளில் இசைவு மட்டும் கொண்ட மணத்தை ஏற்றுவந்தது. ஆனால் அவள் மனச்சான்று குருவின் ஆசியை நாடியது. அதே ஆண்டு ஆகஸ்டில் அயர்லாந்தின் ரோஸ்ட்ரெவர் அருகே ஒரு சிற்றாலயத்தில் கத்தோலிக்கக் குரு ஒருவர் அவர்களை மணமுடித்து வைத்தார். மறு ஆண்டே அவன் வேறொரு பெண்ணை ஊரறிய மணந்துகொண்டான். தெரேசா மனைவியே அல்லள் என்றான்.

1861-இல் டப்ளின் நகரில் வழக்கு நடந்தது. நடுவர் குழு அவள் பக்கம் தீர்ப்புச் சொன்னபோது ஊரே திரண்டு அவளைக் கொண்டாடியது. ஆனால் 1864-இல் இலண்டன் பிரபுக்கள் சபை, ஸ்காட்லாந்தில் நடந்ததாகச் சொல்லப்பட்ட மணத்தைப் பெரும்பான்மைத் தீர்ப்பால் ஏற்க மறுத்தது. அயர்லாந்து மணத்துக்கோ 1745-ஆம் ஆண்டுச் சட்டமே தடையாய் நின்றது. குருவும் கோவிலும் இருந்தும் அவள் மனைவியாகவில்லை. அவ்வழக்கு எழுப்பிய கிளர்ச்சியின் பயனாக 1870-இல் அச்சட்டம் நீக்கப்பட்டது; அவளுக்கு அது காலம் கடந்து வந்த நீதி.

பழி பிறரிடம் மட்டும் இல்லை. 1907-இல் வெளியாகி 1908 முதல் நடைமுறைக்கு வந்த 'நே தேமேரே' என்னும் திருச்சபை ஆணை, திரெந்தின் விதியை ஏறத்தாழ உலகெங்கும் ஒருசீராக்கியது. அதன் பின் கத்தோலிக்கர் ஒருவர் பிற சபைக் குருவின் முன் புரிந்த மணம் திருச்சபையின் பார்வையில் செல்லாதாயிற்று. 1910-இல் பெல்ஃபாஸ்ட் நகரில், கத்தோலிக்கக் கணவர் ஒருவர் அவ்வாறு மணந்த பிரெஸ்பிட்டேரியன் மனைவியை விட்டுவிட்டுக் குழந்தைகளோடு சென்றார் என்ற செய்தி பெரும் பூசலை எழுப்பியது. காக்க வந்த விதியைச் சிலர் கைவிடும் கருவியாக ஆக்கிக்கொண்டனர்.

ஆக, இவ்வரலாறு நமக்கு ஓர் உண்மையை இருபுறமும் திருப்பிக் காட்டுகிறது. சொல் மட்டும் போதும் என்றால், சொல்லை மறுப்பவன் தப்புகிறான். சடங்கும் பதிவும் மட்டுமே மணம் என்றாலோ, அவற்றில் ஒரு குறையைக் கண்டெடுப்பவன் தப்புகிறான். சட்டத்தின் அளவை இரண்டுக்கும் நடுவே எங்கு வைப்பது என்பதே சிக்கல்.

ஊரார் கண்ட வாழ்வு

இச்சிக்கலுக்கு நீதிமன்றங்கள் கண்ட வழி ஒன்று உண்டு. அதன் வரலாற்றில் தமிழருக்கும் பங்கு உண்டு. இலங்கையிலிருந்து தமிழர் குடும்பம் ஒன்றின் வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சிலுக்குச் சென்றது. 1881-இல் அது தீர்க்கப்பட்டது. ஓர் ஆணும் பெண்ணும் கணவன் மனைவியாகவே வாழ்ந்தார்கள் என்று மெய்ப்பிக்கப்பட்டால், மாறானது தெளிவாக மெய்ப்பிக்கப்படும்வரை, அவர்கள் முறையாக மணந்தவர்கள் என்றே சட்டம் கொள்ளும் என்று நீதிபதிகள் கூறினர். 1927-இல் இலங்கையிலிருந்தே சென்ற மற்றொரு வழக்கிலும் இக்கொள்கை உறுதிசெய்யப்பட்டது. இந்திய நீதிமன்றங்கள் இன்றும் எடுத்தாளும் கொள்கை இது.

1978-இல் நம் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்த ஒரு வழக்கில், ஏறத்தாழ 50 ஆண்டுகள் கணவன் மனைவியாக வாழ்ந்த இருவரின் மணமே கேள்விக்கு உள்ளாக்கப்பட்டது. அன்றைய இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 114-ஆம் பிரிவைக் கொண்டு நீதிபதி வி. ஆர். கிருஷ்ண ஐயர் அவ்வறைகூவலைத் தள்ளினார். அரை நூற்றாண்டு கழித்து மணத்தைக் கண்ணால் கண்ட சாட்சிகளைக் கொண்டுவா என்றால் வெல்பவர் சிலரே இருப்பர் என்று அவர் காட்டிய காரணம் எளிமையும் ஆழமும் உடையது. புரோகிதரும் இறந்துவிடுவார், பந்தலில் நின்றவரும் இறந்துவிடுவார். எஞ்சுவது அவர்கள் வாழ்ந்த வாழ்வும் அதைக் கண்ட அண்டை வீட்டாருமே. 2022-இல் கேரளத்து வழக்கொன்றிலும் இதே அடிப்படையில், நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்த இணையரின் மகனுக்குக் குடும்பச் சொத்தில் பங்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இவை யாவும், மணம் நடந்திருக்கும் என்று கருதிக்கொள்ளும் ஊகம். மணமே நடக்கவில்லை என்பது தெளிவாய் இருந்தால்? இங்கேதான் நம் காலம் ஒரு புதுப் படியில் கால் வைத்தது. 2005-இல் இயற்றப்பட்டு 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், மனைவிக்கு மட்டுமன்றி, 'திருமணத்தின் தன்மை கொண்ட உறவில்' வாழ்ந்த பெண்ணுக்கும் பாதுகாப்பு அளித்தது. அவளை அடித்து வீட்டைவிட்டுத் துரத்தியவன், "இவள் என் மனைவி அல்லள்" என்று சொல்லித் தப்பும் வழியை அது ஓரளவு அடைத்தது.

அந்த உறவு எது என்று விளக்கும் பொறுப்பு கோயம்புத்தூரிலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. இருவரும் ஊரார் முன் கணவன் மனைவிபோல் விளங்கியிருக்க வேண்டும். மண வயது எய்தியிருக்க வேண்டும். வேறு மணத்தடை இல்லாதவராய் இருக்க வேண்டும். குறிப்பிடத்தக்க காலம் தம் விருப்பத்தோடு சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்று நீதிமன்றம் வரையறுத்தது. அத்தீர்ப்பில் பெண்ணைக் குறிக்க ஆளப்பட்ட ஓர் இழிசொல் நீதிமன்றத்திலேயே எதிர்ப்பை எழுப்பியது. 2013-இல் பெங்களூர் வழக்கொன்றில் இந்த அளவைகள் விரிக்கப்பட்டன. எத்தனை காலம், ஒரே வீடா, பொருளைப் பகிர்ந்தார்களா, பிள்ளைகள் உண்டா, ஊரார் முன் எவ்வாறு நடந்தார்கள் என்பன ஆராயப்பட்டன. ஆயினும் அவன் ஏற்கெனவே மணமானவன் என்பதை அறிந்தே சேர்ந்த அப்பெண்ணுக்குச் சட்டத்தில் இடம் கிடைக்கவில்லை. முதல் மனைவியின் உரிமையைக் காக்க நீதிமன்றம் அவ்வாறு முடிவு செய்தது. கைவிடப்பட்ட பெண்ணின் துயரத்தை உணர்ந்து, இதற்கு வழி காணுமாறு நாடாளுமன்றத்தையும் வேண்டியது.

பிற நாடுகளும் தத்தம் வழியில் சென்றன. கத்தோலிக்கர் மிகுந்த பிரேசில், 1988-ஆம் ஆண்டு அரசியலமைப்பில் நிலையான உடனுறைவைக் குடும்பம் என்று ஏற்று, அதைத் திருமணமாக மாற்றிக்கொள்வதைச் சட்டம் எளிதாக்க வேண்டும் என்றும் விதித்தது. பிரான்சு 1999-இல் இணைவு ஒப்பந்தம் ஒன்றை உருவாக்கியது. ஊரார் கண்ட வாழ்வையே மணமாகக் கொள்ளும் பழைய முறையை ஸ்காட்லாந்து 2006-இல் நீக்கி, மணமின்றி வாழ்வோர்க்குச் சில தனி உரிமைகளை அதே சட்டத்தில் அளித்தது.

பதிவேடு யாருக்காக?

நம் நாட்டில் உத்தராகண்டு மாநிலம் 2024-இல் இயற்றி, 2025 ஜனவரி 27 முதல் நடைமுறைப்படுத்திய பொது உரிமையியல் சட்டம் வேறொரு வழியை வகுத்தது. மணமின்றிச் சேர்ந்து வாழ்வோர் ஒரு மாதத்துக்குள் பதிவாளரிடம் அறிவிக்க வேண்டும் என்றும், தவறினால் மூன்று மாதம்வரை சிறையோ பத்தாயிரம் ரூபாய்வரை தண்டமோ உண்டு என்றும், இருபத்தொரு வயது நிரம்பாதவராயின் பெற்றோருக்குத் தெரிவிக்கப்படும் என்றும் அது விதித்தது. அவ்வுறவில் பிறக்கும் பிள்ளைகளை முறையான பிள்ளைகளாக ஏற்றதும், கைவிடப்பட்ட பெண் பராமரிப்புத் தொகை கோர வழிசெய்ததும் அச்சட்டத்தின் நற்கூறுகள். தனிவாழ்வில் அரசு தலையிடுகிறது என்ற எதிர்ப்பும் எழுந்து, வழக்குகள் நீதிமன்றத்தை அடைந்தன.

திரெந்தின் வரலாற்றை அறிந்த நமக்கு இங்கே சொல்ல ஒன்று உண்டு. பதிவேடு கைவிடப்பட்டவளின் கையில் சான்றாக இருக்கும்போது அது அருள். அவளையே தேடிப்பிடித்துத் தண்டிக்கும் கருவியாகிவிட்டால், மக்கள் அஞ்சி மறைவார்கள். மறைவில்தான் பொய்யன் வலிமை பெறுகிறான். திரெந்துத் தந்தையரும் மணமின்றி வாழ்ந்தோரைச் சபையினின்று விலக்கவும், திருந்தாத பெண்களை ஊரைவிட்டு அகற்றவும் வகை செய்தார்கள் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. காலம் கடந்து நின்றது அந்தத் தண்டனைகள் அல்ல. இரு சாட்சிகளும் ஓர் ஏடுமே நிலைத்தன.

சட்டம் பாதுகாப்பு அளித்துவிட்டால் அது மணத்துக்குச் சமமாகிவிடாதா என்ற அச்சம் நம்மில் பலருக்கு உண்டு. அச்சம் பொருளற்றதன்று. வாக்குறுதியின் கடமையின்றி அதன் பயன்களை மட்டும் பெறலாம் என்ற நிலை மணத்தின் மதிப்பைக் குறைக்கும் என்று கூறுவோர் கருத்தை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். மணம் ஓர் அருட்சாதனம், அது முறிக்க இயலாத உடன்படிக்கை என்ற போதனையில் மாற்றமில்லை. ஆனால் துரத்தப்பட்ட பெண்ணுக்கு வீட்டில் இடமும் குழந்தைக்கு உணவும் அளிப்பது, அவள் வாழ்ந்த முறைக்கு நாம் வழங்கும் பாராட்டுப் பத்திரம் ஆகாது. தொலேதோ ஆயர்களுக்கு இந்த வேறுபாடு தெரிந்திருந்தது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981-இல் குடும்பத்தைப் பற்றி எழுதியபோது, மணமின்றிச் சேர்ந்து வாழ்வோர் எல்லாரையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. வறுமையாலும் அறியாமையாலும் சூழ்நிலையாலும் அந்நிலைக்குத் தள்ளப்பட்டோரையும், மணத்தையே வேண்டாமென ஒதுக்கியோரையும் பிரித்துக் காட்டி, ஒவ்வொருவர் நிலையையும் தனித்தனியே அறியுமாறு மேய்ப்பர்களை வேண்டினார். மணவிழாவின் செலவுக்கு அஞ்சி மணமின்றி வாழ்வோர் உண்டு என்பதை 2016-இல் திருத்தந்தை பிரான்சிஸ் சுட்டிக்காட்டினார்.

இச்சொல் நம் வீட்டு வாயிலுக்கே வருகிறது. வரதட்சணையும் நகையும் விருந்துமாக மணத்தை ஏழைக்கு எட்டாத உயரத்தில் வைத்தவர்கள் யார்? குலம் பொருந்தவில்லை என்று இசைவுள்ள இருவரை விரட்டி, அவர்களைச் சாட்சியில்லாத வாழ்வுக்குத் தள்ளுபவர்கள் யார்? இன்றைய திருச்சபைச் சட்டத்தின் 1116-ஆம் விதி, குருவோ திருத்தொண்டரோ ஒரு மாதம்வரை கிட்டாத இடத்தில், இரு சாட்சிகள் முன் மட்டுமே மணமக்கள் தம் இசைவைத் தெரிவித்தாலும் அம்மணம் செல்லும் என்கிறது. பந்தலும் மேளமும் அதில் இல்லை. ஆனால் சாட்சிகளை மட்டும் திருச்சபை விட்டுக்கொடுக்கவில்லை.

நீதிமன்றங்கள் 1881 முதல் கேட்டு வருவதும் இதையே. இவர்கள் எவ்வாறு வாழ்ந்தார்கள், அதை யார் கண்டார்கள் என்று அவை வினவும்போது, விடை சொல்ல வேண்டியவர்கள் அடுத்த வீட்டாரும் அன்பியத்தாரும் பங்கு மக்களுமாகிய நாமே. பதிவேட்டில் பெயரில்லாத ஒருத்தி, கையில் குழந்தையோடு, தான் அவனோடு வாழ்ந்தது உண்மை என்று சொல்ல ஓர் ஆள் தேடி வரும்போது, குடும்ப மானத்தை எண்ணியோ வீண்வம்புக்கு அஞ்சியோ நாம் கதவை அடைத்துக்கொள்கிறோமா, அல்லது அவளோடு நீதிமன்றப் படியேறி நாம் கண்டதைச் சொல்கிறோமா? எந்தச் சட்டம் வந்தாலும் அவ்விடத்தில் அது நம்மையே நம்பி நிற்கிறது.